திப்ருகரில் நாலரைக்கு இருட்டிவிடும்

டிசம்பர் மூன்றாவது வாரத்தில் திப்ருகரில் சூரியன் மாலை 4:20 வாக்கில் மறைந்துவிடும். அதே நாளில் நாகர்கோவிலில் அஸ்தமனம் 6:08க்கு. இரண்டு ஊர் சுவர்க் கடிகாரங்களும் நிமிஷம் பிசகாமல் ஒரே மணியைக் காட்டிக்கொண்டிருக்கும், ஆனால் ஒரு ஊரில் பிள்ளைகள் இன்னும் கிரிக்கெட் விளையாடுவார்கள், இன்னொரு ஊரில் மோட்டார் சைக்கிள்காரர்கள் ஹெட்லைட் போட்டு ஒரு மணி நேரத்துக்கு மேலாகியிருக்கும்.

நான் நாகர்கோவில்காரன். வேலை நிமித்தமாக அசாமின் கிழக்கு மூலையில் இருக்கிற திப்ருகரில் சில வருஷங்கள் குப்பை கொட்டியவன். ஊருக்கு வந்தால் எல்லோரும் குளிரைப் பற்றியும் காண்டாமிருகத்தைப் பற்றியும் கேட்பார்கள். குளிர் பழகிவிடும். காண்டாமிருகம் பார்க்க அங்கிருந்தும் நாலைந்து மணி நேரம் காசிரங்காவுக்குப் போக வேண்டும். பழகவே பழகாதது அந்த நாலு இருபதுதான்.

அம்மாவுக்கு விளக்கு வைத்த பிறகுதான் போன் பேச நேரம் கிடைக்கும். ஆறே கால், ஆறரை. வீடியோவில் அவளுக்குப் பின்னால் முற்றத்தில் இன்னும் கொஞ்சம் வெளிச்சம் மிச்சம் இருக்கும், கொடியில் துணி காய்வதுகூடத் தெரியும். எனக்குப் பின்னால் ஜன்னல் கன்னங்கரேல் என்று இருக்கும். "என்ன மக்கா, அதுக்குள்ள ராத்திரி ஆயிட்டா?" என்பாள். "இல்லம்மா, இங்கயும் மணி ஆறேகால்தான்" என்றால் நம்பமாட்டாள். கரண்ட் இல்லையா, மழையா, உடம்புக்கு ஏதும் சரியில்லையா, இந்த வரிசையில் கேள்வி வரும். ஜூன் மாதம் பேசும்போது மட்டும் எந்தச் சந்தேகமும் வராது. அதற்கும் காரணம் இருக்கிறது, சொல்கிறேன்.

பூமி ஒரு பாகை சுற்ற 4 நிமிஷம். திப்ருகர் ஏறக்குறைய 95 பாகை கிழக்குத் தீர்க்கரேகையில், நாகர்கோவில் 77.4 பாகையில். பதினேழரை பாகை வித்தியாசம் என்றால் 70 நிமிஷம். ஆனால் டிசம்பர் மாலையில் நான் பார்த்தது 105 நிமிஷத்துக்கு மேல். மிச்சம் அரை மணி நேரத்துக்கு மேல் எங்கிருந்து வந்தது என்றால், அது அட்சரேகையின் வேலை. நாகர்கோவில் நிலநடுக்கோட்டுக்கு எட்டு பாகை மேலே இருப்பதால் அங்கே பகல் வருஷம் பூராவும் பன்னிரண்டு மணி நேரத்தைச் சுற்றியே நிற்கும், அரை மணி கூடும், கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். திப்ருகர் 27.5 பாகையில். டிசம்பரில் பகல் பத்தரை மணி நேரமாகச் சுருங்கி, ஜூனில் பதினாலு மணியைத் தொடப் பார்க்கும். அதனால் டிசம்பர் மாலையில் இரண்டு காரணங்களும் ஒன்று சேர்ந்து அடிக்கின்றன. ஜூன் மாலையில் ஒன்றை மற்றொன்று பாதி கழித்துவிடுகிறது: திப்ருகரில் 6:07, நாகர்கோவிலில் 6:40. அரை மணிதான் வித்தியாசம், அம்மாவும் சமாதானம்.

ஆனால் ஜூனில் கணக்கு காலைப் பக்கம் திரும்பிவிடும். திப்ருகரில் அப்போது உதயம் 4:17. வெளிச்சம் அதற்கும் முன்னாலேயே வந்துவிடும், மூன்றே முக்காலுக்குக் காக்கை கத்தும். முதல் வருஷம் ஜன்னலுக்குத் தடித்த திரை வாங்கிப் போட்டேன். வீட்டுக்காரர் வந்து பார்த்துவிட்டு, "தாதா (அண்ணா), இதுக்கு நீங்க எட்டு மணிக்கே படுத்துடலாம்" என்றார். அவர் ஒரு தேயிலைத் தோட்டத்து ஆபீசில் பெரிய பாபுவாக, அதாவது தலைமைக் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். எட்டரைக்கு அவர் வீட்டு விளக்கு அணைந்துவிடும், நாலரைக்கு வாசலில் செருப்புச் சத்தம் கேட்கும்.

இதே ஜூனில் நாகர்கோவிலில் சூரியன் 6:04க்கு உதிக்கிறது. வருஷத்திலேயே தாமதமான உதயம் ஜனவரிக் கடைசியில், அதுவும் 6:40தான். ஆக மொத்தம் முக்கால் மணி நேரத்துக்குள்ளேயே அந்த ஊர்ச் சூரியன் நகர்கிறது. பருவம் மாறினால் எங்கள் ஊரில் மழை மாறும், காற்று மாறும், ஆரல்வாய்மொழிப் பக்கம் காற்றாலைகள் வேகம் பிடிக்கும். பொழுது மட்டும் மாறாது. பால்காரர் வரும் நேரம், பள்ளி மணி, கோயில் நடை எல்லாம் பன்னிரண்டு மாதமும் ஒரே வெளிச்சத்தில் நடக்கும். கடிகாரமும் வெயிலும் ஒத்துப்போகிற ஊரில் பிறந்தவனுக்கு, இவை இரண்டும் வேறுவேறு சமாசாரம் என்பதே தெரியாது. எனக்கும் தெரியாது.

திப்ருகரின் சுபாவம் என்று வெளியூர்க்காரர்கள் சொல்வதில் பாதி இந்த வெயில் கணக்குதான் என்பது என் கட்சி. அங்கே மாற்றலாகி வருகிறவர்கள் முதல் மாதத்திலேயே ஒரு வார்த்தை சொல்லிவிடுவார்கள்: சோம்பேறி ஊர். ஏழு மணிக்குக் கடைகளை அடைக்க ஆரம்பித்துவிடுகிறார்கள், எட்டுக்குத் தெருவில் நாய் மட்டும்தான், சாயங்காலம் ஐந்துக்கு மேல் ஒரு வேலையும் நடக்காது. எல்லாம் உண்மை. ஆனால் சொல்கிறவர்கள் ஏழரைக்கு எழுந்து ஒன்பதரைக்கு ஆபீஸ் வருகிறவர்கள். காலை ஐந்துக்கு அந்த ஊர் என்ன செய்துகொண்டிருக்கிறது என்று அவர்கள் பார்த்ததில்லை.

காலை ஐந்துக்கு பிரம்மபுத்திராவின் கரையில் பாதி ஊர் நடந்துகொண்டிருக்கும். கரை என்று சொல்வது ஆற்றைத் தடுக்கப் போட்ட அணையைத்தான். 1950 ஆகஸ்ட் 15 அன்று அசாமில் வந்த நிலநடுக்கம் 8.6 அளவு, நிலத்தில் பதிவானவற்றில் மிகப் பெரியவைகளில் ஒன்று. மலைகள் சரிந்து ஆற்றின் படுகையே மேடேறிவிட்டது. அடுத்தடுத்த வெள்ளங்களில் பழைய திப்ருகரின் பெரும் பகுதியை ஆறு தின்றுவிட்டது. மிஞ்சியதைக் காப்பாற்ற 1950களில் எழுப்பிய கரைமேல்தான் இன்றைக்கு வாக்கிங். ஒரு பக்கம் அக்கரை தெரியாத ஆறு, இன்னொரு பக்கம் ஆற்றைவிடத் தாழ்வாக வீடுகள். மே, ஜூனில் அங்கே ஐந்து மணிக்கு வெயில் சுள்ளென்று முகத்தில் அடிக்கும். காய்கறிச் சந்தையில் அதற்குள் நல்ல சரக்கெல்லாம் போய்விட்டிருக்கும், மீனும் அப்படித்தான்.

அப்புறம் சாப்பாடு. இது எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம். அலுவலகம் போகிறவர்கள் காலை ஒன்பதுக்கே முழுச் சோறு சாப்பிட்டுவிட்டுக் கிளம்புவார்கள். சோறு, பருப்பு, மீன் குழம்பு, கிழங்குப் பொரியல், கடைசியாக வெற்றிலையோடு தாமோல், அதாவது பச்சைப் பாக்கு. நாலரைக்கு எழுந்தவனுக்கு ஒன்பது மணி என்பது நம் ஊர்ப் பதினொன்று. உச்சிப்பொழுது அங்கே 11:10க்கு வந்துவிடுகிறது என்பதை நினைத்துப் பார்த்தால், ஒன்பது மணிச் சோறு விசித்திரமே இல்லை. கடிகாரத்தைக் கழற்றி வைத்துவிட்டு சூரியனை மட்டும் பார்த்தால் அவர்கள் சாப்பிடுவதும் சரி, கடை அடைப்பதும் சரி, எல்லாம் நம் கணக்கில்தான் இருக்கும்.

சிக்கல் கடிகாரத்தைக் கழற்ற முடியாதவர்களுக்குத்தான். எங்கள் தலைமை அலுவலகம் திப்ருகரிலிருந்து ரொம்பத் தூரத்தில் மேற்கே இருந்தது. அங்கிருந்து வீடியோ மீட்டிங் போடுவார்கள், மாலை ஐந்தரைக்கு. அவர்களுக்கு அது டீ குடித்துத் தெம்பாக உட்காரும் நேரம், ஜன்னல் வழியாக வெயில் விழும். இங்கே இருட்டி ஒரு மணி நேரம் ஆகி, பெண் ஊழியர்கள் வீட்டுக்குப் போக ஆட்டோ கிடைக்குமா என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். வெளியே பாதிக் கடை இழுத்து மூடியாயிற்று. "ஏன் எல்லாரும் டல்லா இருக்கீங்க?" என்று அந்தப் பக்கத்திலிருந்து ஒருவர் கேட்பார். நாங்கள் என்னத்தைச் சொல்ல. காலை ஆறுக்கு மீட்டிங் வைக்கலாமே என்று ஒருமுறை எழுதினேன், அந்தக் கடிதத்துக்குப் பதில் வரவில்லை.

இதில் வேடிக்கை, அசாமில் ஒரு கூட்டம் நூறு வருஷத்துக்கு மேலாகத் தனிக் கடிகாரம் வைத்திருக்கிறது. தேயிலைத் தோட்டங்கள். அங்கே ஓடுவது பகான் டைம், தோட்ட நேரம், இந்திய நேரத்தைவிட ஒரு மணி முன்னால். வெள்ளைக்காரத் தோட்ட முதலாளிகள் கொண்டுவந்தது. நகரத்தை விட்டு வெளியே வந்து தோட்டத்து வாசலில் நுழைந்தால் ஆபீஸ் கடிகாரம் எட்டு என்கும், கையில் இருக்கிற செல்போன் ஏழு என்கும். சங்கு ஊதுவது, கூலி ஆட்கள் வரிசையில் நிற்பது, இலை எடை போடுவது எல்லாம் பகான் கணக்கு. எங்கள் வீட்டுக்கார பாபு ஓய்வு பெற்ற பிறகும் சாப்பாட்டு அறையில் ஒரு கடிகாரத்தை ஒரு மணி நேரம் கூட்டித்தான் வைத்திருந்தார், டிவிக்கு மேலே இருப்பது மட்டும் டெல்லி நேரம். 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டத்திலும் தோட்டப் பகுதிக்கு உள்ளூர் நேரம் வைத்துக்கொள்ள இடம் இருந்தது.

ஏன் அவர்களுக்கு மட்டும்? இரண்டு இலையும் ஒரு மொட்டும் பார்த்துப் பறிக்கக் கண் தெரிய வேண்டும். வெளிச்சம் வீணானால் முதலாளிக்கு இலை நஷ்டம், அதனால் கடிகாரம் நகர்ந்தது. ஆபீஸ் கிளார்க்குக்கும் பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கும் வெளிச்சம் வீணானால் நஷ்டம் யார் கணக்கிலும் ஏறாது, அதனால் நகரவில்லை. கொஞ்சம் கசப்பாகச் சொல்கிறேனோ என்னவோ, ஆனால் எனக்கு அப்படித்தான் படுகிறது.

எங்கள் மாவட்டத்துக்கும் ஒரு தோட்டப் பயிர் உண்டு, ரப்பர். குலசேகரம், கீரிப்பாறைப் பக்கம் பால்வெட்டு விடியுமுன் நடக்கும். வெயில் ஏற ஏற இலை வழியே நீர் ஆவியாகிப் பட்டைக்குள் அழுத்தம் குறைந்துவிடும், பால் சரியாக ஓடாது. அதனால் பால்வெட்டுக்காரர் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு இருட்டிலேயே மரம் மரமாகப் போவார். கத்தியால் பட்டையைச் சாய்வாக, தோல் சீவுகிற கனத்துக்கு மட்டும் சீவி இறக்குவார். பால் சிரட்டையில் சொட்ட ஆரம்பிக்கும்போது அவர் அடுத்த மரத்துக்குப் போயிருப்பார். அவருக்காக யாரும் கடிகாரத்தைத் திருப்ப வேண்டிய அவசியமே வரவில்லை, அவரே விளக்கோடு கிளம்பிவிடுகிறார். தோவாளைப் பூச்சந்தையும் விடியுமுன் களைகட்டுவதுதான். நாகர்கோவிலில் நாலு மணிக்கு டீக்கடை திறக்கும், ராத்திரி பத்தரைக்கும் வடசேரி பஸ் ஸ்டாண்டில் சூடாக ரசவடை கிடைக்கும். இரண்டு முனையையும் இழுத்து வைத்திருக்கிற ஊர் அது. தூங்குகிற நேரம் கம்மி என்று அசாம் நண்பர் ஒருவர் வந்து பார்த்துவிட்டுச் சொன்னார். அவருக்கு எட்டரை மணிக்குக் கண் சொக்கியது, எங்கள் வீட்டில் அப்போதுதான் தோசைக்கல்லை அடுப்பில் வைத்தார்கள்.

சரி, இந்த ஒரே நேரம் எப்படி வந்தது? இந்தியத் திட்ட நேரம் 1906 ஜனவரி 1 முதல். 82.5 பாகை தீர்க்கரேகை, உத்தரப் பிரதேசத்து மிர்சாபூர் பக்கம் போகிற கோடு. அதற்கு முன்னால் ரயில்கள் மதராஸ் நேரத்தில் ஓடின, மதராஸ் வானாய்வகம் கணித்த நேரம் அது. கல்கத்தாவும் பம்பாயும் தங்கள் தங்கள் நேரத்தை விடவில்லை. கல்கத்தா 1948 வரை, பம்பாய் 1955 வரை பிடிவாதம் பிடித்தன. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், 1942 முதல் 1945 வரை, நாடு முழுக்கக் கடிகாரத்தை ஒரு மணி முன்னால் தள்ளி வைத்திருந்தார்கள். அதாவது அந்த மூன்று வருஷம் மொத்த இந்தியாவும் பகான் டைமில் இருந்தது. ஒன்றும் குடிமுழுகவில்லை.

மிர்சாபூர் கோட்டிலிருந்து நாகர்கோவில் ஐந்து பாகைதான் மேற்கே, 20 நிமிஷம். திப்ருகர் பன்னிரண்டரை பாகை கிழக்கே, 50 நிமிஷம். இதைவிட அநியாயம் என்னவென்றால், திப்ருகருக்கு மேற்கே இருக்கிற டாக்காவில் கடிகாரம் நம்மைவிட அரை மணி முன்னால். பூட்டானிலும் அப்படியே. கிழக்கே மியான்மரில் ஒரு மணி முன்னால். நடுவில் இருக்கும் திப்ருகர் மட்டும் துவாரகையோடு சேர்ந்து மணி பார்க்கிறது.

தனி நேர மண்டலம் கேட்டு வடகிழக்கில் ரொம்ப நாளாகக் குரல் இருக்கிறது. திரைப்பட இயக்குநர் ஜானு பருவா வருஷக்கணக்கில் இதைப் பேசிவருகிறார். 2014இல் அப்போதைய முதல்வர் தருண் கோகோய் அசாமையே பகான் நேரத்துக்கு மாற்றப்போவதாகச் சொன்னார், நடக்கவில்லை. 2017இல் பொதுநல மனு ஒன்றை குவாஹாட்டி உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. 2018இல் டெல்லியில் இருக்கும் தேசிய இயற்பியல் ஆய்வகம், நாட்டின் நேரத்தையே அணுக் கடிகாரம் வைத்துக் காப்பாற்றுகிற அந்த நிறுவனம், இரண்டு நேரம் வைக்கலாம் என்று ஆய்வுக் கட்டுரை போட்டது. வடகிழக்கு மாநிலங்களுக்கும் அந்தமான் நிக்கோபாருக்கும் ஒரு மணி முன்னால், கோடு அசாம்–வங்காள எல்லையில். அந்த இடத்தில் நிலம் குறுகல் என்பதால், நியூ கூச்பெகார், அலிப்பூர்துவார் என்று இரண்டு ரயில் நிலையங்களில் மட்டும் நேர மாற்றத்தைச் சமாளித்தால் போதும் என்றார்கள்.

எதிர்ப்பவர்களின் வாதங்களும் தெரியும். ரயில்வே சிக்னலில் குழப்பம் வரலாம், விபத்து ஆகலாம் என்கிறார்கள். இது பொருட்படுத்த வேண்டிய கவலை. வடகிழக்கு மனதளவில் இன்னும் தள்ளிப் போய்விடும் என்கிறார்கள். இது எனக்கு ஏறவில்லை. ஐந்தரை மணி மீட்டிங்கில் இருட்டில் உட்கார்ந்திருக்கும்போதுதான் தள்ளி வைக்கப்பட்ட உணர்ச்சி வரும். நாடு முழுக்கவே அரை மணி நேரம் முன்னால் தள்ளிவிடலாம், மின்சாரம் மிச்சமாகும் என்று பெங்களூரிலிருந்து ஒரு யோசனையும் உண்டு. நாகர்கோவிலுக்கு அதனால் பெரிய தொல்லையில்லை, திப்ருகருக்கு அது பத்தாது.

ஒரு மணி கூட்டினால் குளிர்காலத்தில் காலை ரொம்ப இருட்டாகிவிடாதா என்று கேட்பார்கள். திப்ருகரில் மிகத் தாமதமான உதயம் ஜனவரியில், ஆறு மணி. கூட்டினால் ஏழு. டெல்லியில் ஜனவரியில் இப்போதே ஏழே கால். டெல்லிப் பிள்ளைகள் அதோடுதான் பள்ளிக்கூடம் போகிறார்கள். ஆனால் ஒன்று, கடிகாரத்தை எவ்வளவு திருப்பினாலும் டிசம்பர்ப் பகல் பத்தரை மணி நேரம்தான். நாகர்கோவிலின் மாலை திப்ருகருக்கு வராது. நாலு இருபது, ஐந்து இருபதாகும். பள்ளி விட்டு வந்த பிள்ளை ஒரு மணி நேரம் வெளியே விளையாடும். நான் கேட்பதும் அவ்வளவுதான்.

இரண்டு ஊரையும் இணைப்பது திப்ருகர்–கன்னியாகுமரி விவேக் எக்ஸ்பிரஸ். விவேகானந்தரின் 150ஆவது பிறந்த ஆண்டை ஒட்டி அறிவித்து, 2011 நவம்பரில் ஓடத் தொடங்கியது. கிட்டத்தட்ட 4,190 கிலோமீட்டர், நாட்டிலேயே நீண்ட தூரம் போகிற ரயில். மூன்று பகலுக்கு மேல் ஆகும், தாமதம் தனி. கோயம்புத்தூருக்கும் கேரளாவுக்கும் வேலைக்கு வருகிற அசாம் பையன்கள்தான் பெரும்பாலும் அதில். டிசம்பரில் இந்த ரயிலில் வந்தால் அஸ்தமனம் ஒவ்வொரு நாளும் தள்ளிப்போவதை ஜன்னலில் பார்க்கலாம். மேல் அசாமில் நாலரைக்குள் இருட்டு, மால்டா பக்கம் ஐந்துக்குக் கொஞ்சம் முன்னால், விஜயவாடாவில் ஐந்து நாற்பது. விமானத்தில் வந்தால் இது தெரியாது. எதிர் பெர்த் பையன் ஒருவன், காட்பாடி தாண்டி ஆறே காலுக்கும் கொஞ்சம் வெளுப்பு இருப்பதைப் பார்த்துவிட்டு, ஓவர்டைம் ஏன் தமிழ்நாட்டில் ஜாஸ்தி என்று இப்போதுதான் புரிகிறது என்றான். சிரித்துக்கொண்டுதான் சொன்னான்.

திப்ருகருக்குப் போகிற உத்தேசம் இருப்பவர்களுக்குக் கொஞ்சம் யோசனை. நவம்பரிலிருந்து ஜனவரி வரை போனால், மதியத்துக்குப் பிறகு எதையும் ஆரம்பிக்காதீர்கள். போகிபீல் பாலம், 2018இல் திறந்தது, ஐந்து கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு, மூன்று மணிக்குள் அங்கே இருந்தால்தான் ஆறு தெரியும். தேயிலைத் தோட்டம் பார்க்க டிசம்பர் சரிவராது, செடியைக் கவாத்து செய்து மொட்டையாக விட்டிருப்பார்கள், மே அல்லது ஜூனில் போங்கள். தோட்டத்தில் யாராவது நேரம் சொன்னால் பகானா என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். ஓட்டலில் காலை ஒன்பதுக்குச் சோறு கேட்டால் யாரும் ஒரு மாதிரியாகப் பார்க்க மாட்டார்கள். இரவு ஒன்பதுக்குக் கேட்டால் பார்ப்பார்கள்.